சாம்பல் ஒரே அளவு, ஆனால் ஒரு கரி நன்றாகக் கழுவ வருகிறது, இன்னொன்று வரமாட்டேன் என்கிறது. ஏன்?

நெய்வேலி_பையன்:

எல்லோருக்கும் வணக்கம். நான் தன்பாத்தில் கனிமப் பொறியியல் படிக்கிறேன். ஊர் நெய்வேலி, அதனால் சின்ன வயதிலிருந்து கரி என்றால் பழுப்பு நிலக்கரிதான், அதில் பாதி ஈரம், சாம்பல் குறைவு, யாரும் அதைக் கழுவிப் பார்த்ததில்லை. இங்கே ஜரியாவில் வந்து பார்த்தால் தோண்டி எடுக்கும் கோக்கிங் கரியை (எஃகு ஆலைக்கு வேண்டிய கோக் ஆகும் கரி) அப்படியே எஃகு ஆலைக்கு அனுப்பவே முடியாது, கல்லையும் மண்ணையும் பிரித்தெடுக்கும் வாஷரிக்குப் போய்த்தான் ஆக வேண்டும்.

என் புராஜெக்ட்டுக்கு இரண்டு அடுக்குகளிலிருந்து மாதிரி கொடுத்தார்கள். இரண்டிலும் சாம்பல், அதாவது எரித்த பின் மிஞ்சுவது, கிட்டத்தட்ட 28 சதவீதம்தான். ஒரே அளவுக்கு நொறுக்கி, ஃப்ளோட் அண்ட் சிங்க் சோதனை (வெவ்வேறு அடர்த்தியுள்ள திரவங்களில் போட்டு எது மிதக்கிறது, எது மூழ்குகிறது என்று பார்ப்பது) செய்தோம். மேல் அடுக்குக் கரியில் 17, 18 சதவீத சாம்பலுக்கு இறக்கினாலும் நல்ல விளைச்சல் (கழுவிய கரியாகக் கிடைக்கும் பங்கு) வருகிறது. கீழ் அடுக்குக் கரியில் அதே சாம்பலுக்கு இறக்கப் போனால் பாதிக்கு மேல் கரி கழிவோடு போய்விடுகிறது. வழிகாட்டியைக் கேட்டேன், "கனிமங்கள் வேறப்பா, போய்ப் படி" என்றார். மொத்தக் கனிமம் ஒரே அளவு இருக்கும்போது எது வேறுபடுகிறது? எந்தக் கனிமம் என்பதா, அது எங்கே இருக்கிறது என்பதா? வாஷரியில் வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

---

தாமோதர்க்கரை:

தம்பி, நல்ல கேள்வி, இதை வாஷரிக்குள் வந்த பிறகும் கேட்காமலே ஓய்வு பெற்றவர்கள் உண்டு. கேள்வியின் இரண்டு பாதிக்கும் பதில் ஆமாம்தான், ஆனால் முதல் இடம் "எங்கே இருக்கிறது" என்பதற்கு.

வாஷரி என்பது பெரும்பாலும் அடர்த்தியை வைத்துப் பிரிக்கும் இடம். சுத்தமான கரியின் அடர்த்தி சுமார் 1.3. களிமண், குவார்ட்ஸ் எல்லாம் சுமார் 2.6. இரண்டுக்கும் நடுவே இவ்வளவு இடைவெளி இருக்கும்போது பிரிப்பதில் என்ன கஷ்டம் என்று தோன்றும். கரி தனியாக, கல் தனியாக இருந்தால் கஷ்டமே இல்லை. அரிசியில் கிடக்கும் கல்லை அரித்து எடுத்துவிடலாம், அரிசியோடு சேர்ந்து மாவாக அரைபட்ட கல்லை என்ன செய்வது? உங்கள் கீழ் அடுக்குக் கரி அந்த மாவு மாதிரி.

கணக்காகவே பாருங்கள். ஒரு துண்டில் எடையில் 10 சதவீதம் கனிமம் என்றால் அதன் அடர்த்தி 1.37 வரும். 20 சதவீதம் என்றால் 1.44. 30 என்றால் 1.53, 40 என்றால் 1.63. இப்போது 17, 18 சதவீத சாம்பல் வேண்டுமென்று வெட்டு அடர்த்தியை, அதாவது இதற்குக் கீழே கரி, மேலே கழிவு என்று பிரிக்கும் எல்லையை, 1.45 அல்லது 1.50 பக்கம் வைக்கிறீர்கள். கனிமம் சீராகப் பரவிய கரியில் பெரும்பாலான துண்டுகள் அந்த இடத்திலேயேதான் குவிந்திருக்கும். ஒரு துண்டு 1.48, பக்கத்துத் துண்டு 1.52. எந்த இயந்திரம் அதைப் பிரிக்கும்?

இதற்குத்தான் வெட்டு அடர்த்திக்கு மேலே 0.1, கீழே 0.1 என்ற வரம்புக்குள் எவ்வளவு பொருள் இருக்கிறது என்று பார்ப்போம். நியர் கிராவிட்டி மெட்டீரியல், வாஷரியில் என்ஜிஎம் என்று சொல்லிப் பழக்கம். பேர்ட் என்பவர் வகுத்த அட்டவணை ஒன்று இருக்கிறது: 7 சதவீதம் வரை எளிது, 10 வரை சுமாரான சிரமம், 15 வரை சிரமம், 20 வரை ரொம்பச் சிரமம், 25 வரை மிக மிகச் சிரமம், அதற்கு மேல் போனால் மலைக்க வைக்கும் அளவு சிரமம். ஜரியாவின் கீழ் அடுக்குகளில் 25-ஐத் தாண்டுவது சாதாரண விஷயம். உங்கள் சோதனை எண்களை வைத்து இரண்டு மாதிரிக்கும் இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள், பாதிக் கேள்விக்கு அங்கேயே விடை கிடைத்துவிடும்.

இயந்திரமும் இதோடு சேர்ந்து வருகிறது. ஜிக் என்பது தண்ணீரை ஏற்றி இறக்கித் துடிக்க வைத்துப் பிரிக்கும் இயந்திரம், ஈபி என்பது பிரிப்பில் எவ்வளவு பிசகு என்று காட்டும் எண், குறைந்தால் நல்லது. ஒரு ஜிக்கின் ஈபி மதிப்பு 0.1 என்று வைத்துக்கொண்டால், வெட்டு அடர்த்தியை விட 0.1 கூடுதலான துண்டுகளில் நாலில் ஒன்று தவறிப்போய் க்ளீன் கோலில் (கழுவிய நல்ல கரியில்) சேரும். மேக்னடைட் என்ற இரும்புத் தாதுப் பொடி கலந்த கனமான நீரில் சுழற்றிப் பிரிக்கும் டென்ஸ் மீடியா சைக்ளோனில் ஈபி 0.03 அளவுக்கு இருந்தால் அதே துண்டுகளில் நூற்றுக்கு இரண்டு மூன்றுதான் தவறும். கழுவ எளிதான கரிக்கு ஜிக் போதும், ஏனென்றால் அந்த வரம்புக்குள் துண்டுகளே அதிகம் கிடையாது. உங்கள் கீழ் அடுக்குக் கரியை ஜிக்கில் போட்டால் க்ளீன் கோலும் கெடும், ரிஜெக்ட்டில் (கழிவில்) நல்ல கரியும் போகும். இந்தியாவில் கோக்கிங் கரி வாஷரிகள் 1950களின் தொடக்கத்தில் ஜமதோபா, மேற்கு போகாரோ பக்கம் வந்தபோதிலிருந்து இன்றுவரை எந்த இயந்திரம் என்ற வாதம் ஓயவே இல்லை. கரியைப் பார்க்காமல் இயந்திரத்தை மட்டும் பேசுவதால்தான் அது ஓயவில்லை என்பது என் உறுதியான எண்ணம். ஒரு இடத்தில் (பெயர் வேண்டாம்) மேல் அடுக்குக் கரிக்காக வடிவமைத்த ஆலையில் கீழ் அடுக்குக் கரியைக் கொண்டுவந்து கொட்டி, விளைச்சல் ஏன் இறங்குகிறது என்று ஆப்பரேட்டரைக் கேள்வி கேட்டார்கள். அந்த ஆப்பரேட்டர் என்ன செய்வார்?

---

பாறைமொழி:

மேலே சொன்னதெல்லாம் சரி. அந்தக் கனிமம் ஏன் அப்படிப் பரவியது என்பதை நிலவியல் பக்கத்திலிருந்து சொல்கிறேன், ஏனென்றால் இது தெரிந்தால் எந்த அடுக்கு எப்படி நடந்துகொள்ளும் என்று முன்கூட்டியே ஊகிக்க முடியும்.

நம் கோண்டுவானா கரி பெர்மியன் காலத்தது. ஜரியாவில் முக்கிய அடுக்குகள் பராக்கர் பாறைத்தொகுதியில் இருக்கின்றன. அதற்குக் கீழே தால்ச்சீர் என்ற பனியாற்றுப் படிவுகள். பனி உருகி, ஆறுகள் புரண்டு ஓடிய வடிநிலத்தில் தாவரப் பொருள் குவிந்தது. கணிசமான பகுதி வளர்ந்த இடத்திலேயே புதையாமல் தண்ணீரில் அடித்துவரப்பட்டு, சேறும் நுண்மணலும் கலந்து படிந்தது என்பதுதான் பலரும் ஏற்கும் விளக்கம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள கார்பனிஃபெரஸ் காலக் கரி பெரும்பாலும் சதுப்பு நிலத்தில் வளர்ந்த இடத்திலேயே படிந்தது. அங்கே களிமண் வந்தாலும் வெள்ளம் வந்தபோது தனிப் பட்டையாகப் படிந்தது, அந்தப் பட்டை நொறுக்கும்போது தனியே உடைந்து விழும். இங்கே கயோலினைட் களிமண்ணும் குவார்ட்ஸும் தாவரத் துணுக்குகளோடு சேர்ந்தே படிந்ததால் கரியின் உடம்புக்குள் மைக்ரான் அளவில் பரவிக் கிடக்கின்றன. தாவரத்தின் செல் அறைகளுக்குள்ளேயே களிமண் நிரம்பியிருப்பதை மெருகேற்றிய துண்டில் நுண்ணோக்கி வைத்துப் பார்க்கலாம்.

அதனால் கரியில் உள்ள கனிமத்தை நான் மூன்று விதமாகப் பார்ப்பேன். ஒன்று, தாவரத்திலேயே இருந்தது, மிகக் கொஞ்சம், அதை எந்த வாஷரியும் தொட முடியாது. இரண்டு, படிந்தபோது கூடவே வந்தது. இதுதான் நம் தலைவலி. மூன்று, கரி உருவான பிறகு விரிசல்களில் ஊறி இறங்கிய தண்ணீர் விட்டுச்சென்ற கால்சைட், சிடரைட், பைரைட் போன்றவை, அப்புறம் தோண்டும்போது கூரையிலிருந்தும் தரையிலிருந்தும் சேர்ந்துகொள்ளும் கல். விரிசலை நிரப்பிய கனிமம் நல்ல பிள்ளை, நொறுக்கினால் பெரும்பாலும் அந்த விரிசல் வழியாகவே உடைந்து வெளியே வந்துவிடும். கூரைக் கல்லும் அப்படித்தான். உங்கள் மேல் அடுக்கு மாதிரியின் 28 சதவீதத்தில் பெரும்பகுதி இந்த வகையாக இருக்கும், கீழ் அடுக்கில் இரண்டாவது வகையாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று, ஜரியாவில் பல இடங்களில் மைக்கா பெரிடோடைட், லாம்ப்ரோஃபயர் போன்ற தீப்பாறைகள் கரி அடுக்குக்குள் ஊடுருவி, கரியைச் சுட்டுவிட்டிருக்கின்றன. உள்ளூரில் ஜாமா என்பார்கள், இயற்கையாகவே கோக் ஆகிப்போன கரி. அதன் துளைகளில் கார்பனேட் கனிமங்கள் நிரம்பியிருக்கும். உங்கள் மாதிரியில் அது கொஞ்சம் கலந்திருந்தாலும் முடிவு குழம்பும், பார்த்துக்கொள்ளுங்கள்.

சாம்பல் என்ற எண்ணை மட்டும் நம்பாதீர்கள். சாம்பல் வேறு, கனிமம் வேறு. எரிக்கும்போது கயோலினைட் தன் எடையில் 14 சதவீதத்தை நீராக இழக்கிறது. கால்சைட் 44 சதவீதத்தை இழக்கிறது. பைரைட் இரும்பு ஆக்சைடாகும்போது மூன்றில் ஒரு பங்கு எடை போய்விடும். எரிக்கும் முன் 20 கிராம் கயோலினைட் இருந்தால் 17 கிராம் சாம்பல், 20 கிராம் கால்சைட் இருந்தால் 11 கிராம்தான். உங்கள் இரண்டு மாதிரியிலும் சாம்பல் ஒன்றாக இருப்பதால் கனிமமும் ஒன்று என்று எடுத்துக்கொண்டீர்களே, அங்கேயே ஒரு இடைவெளி இருக்கிறது. முடிந்தால் குறைந்த வெப்பநிலையில் ஆக்சிஜன் பிளாஸ்மாவில் எரித்து, கனிமம் உருமாறாமல் எடுத்து, எந்தெந்தக் கனிமம் என்று காட்டும் எக்ஸ்ரே டிஃப்ராக்ஷனில் பாருங்கள்.

---

நெய்வேலி_பையன்:

ரொம்ப நன்றி அண்ணா, நன்றி சார். என்ஜிஎம் கணக்குப் போட்டேன், மேல் அடுக்கு சிரமம் என்ற வகுப்பில் வருகிறது, கீழ் அடுக்கு அந்த அட்டவணையின் கடைசி வகுப்பில். அப்படியென்றால் இன்னும் பொடியாக நொறுக்கினால் கனிமம் விடுபட்டுவிடாதா? 13 மில்லிமீட்டருக்குப் பதில் அரை மில்லிமீட்டருக்கே கொண்டுபோனால்? இன்னொரு சந்தேகம், பைரைட்டின் அடர்த்தி 5 என்கிறார்கள், அப்படிப் பார்த்தால் கந்தகம் உள்ள கரிதானே கழுவ மிக எளிதாக இருக்க வேண்டும்?

---

நுரைத்தொட்டி:

நான் நுரை மிதப்புப் பக்கம் வேலை பார்க்கிறவள், பொடியாக நொறுக்குவது பற்றி நான் சொல்கிறேன்.

பொடியாக்கினால் விடுபடும், ஆனால் கனிமத் துகளின் அளவுக்கு அருகில் போனால்தான். 5 மைக்ரான் களிமண் கரிக்குள் சிதறிக் கிடக்கிறது என்றால் 500 மைக்ரானுக்கு நொறுக்கி என்ன பயன், ஒவ்வொரு பொடித் துகளும் முன்பு இருந்த அதே கலவைதான். அதனால் ஒரே அளவுக்கு நொறுக்கி நிறுத்தாமல் 13, 6, 3, 0.5 மில்லிமீட்டர் என்று படிப்படியாக நொறுக்கி ஒவ்வொன்றுக்கும் கழுவுதிறன் வளைகோடு (எந்தச் சாம்பலுக்கு எவ்வளவு விளைச்சல் என்று காட்டும் கோடு) வரையுங்கள். கோடு ஒவ்வொரு படிக்கும் நல்ல பக்கமாக நகர்ந்தால் நொறுக்குவதில் பலன் உண்டு. கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தால் மேலும் நொறுக்குவது வீண் மின்சாரச் செலவு, வேறொன்றும் இல்லை.

அரை மில்லிமீட்டருக்குக் கீழே போனதும் ஆட்டத்தின் விதியே மாறுகிறது. அங்கே அடர்த்தியை வைத்துப் பிரிப்பது கடினம், துகளின் மேற்பரப்பை வைத்துப் பிரிக்கிறோம். கரி தண்ணீரை விலக்கும், கனிமம் தண்ணீரை ஏற்கும். டீசல் போன்ற எண்ணெயும் நுரை தரும் பொருளும் சேர்த்துக் காற்றை விட்டால் கரி குமிழியில் ஒட்டிக்கொண்டு மேலே வரும். இந்த இடத்தில்தான் எந்தக் கனிமம் என்பது பெரிய விஷயமாகிறது. குவார்ட்ஸ் இங்கே பெரிய தொல்லை இல்லை, விடுபட்டுவிட்டால் கீழேயே நிற்கும். களிமண் அப்படியில்லை. தண்ணீரில் கரைந்தது போல ஒன்றிரண்டு மைக்ரான் துகளாகச் சிதறும், கரித்துகளின் மேல் படலமாக ஒட்டிக்கொள்ளும், அப்போது கரியே தண்ணீரை ஏற்கத் தொடங்கி மிதக்க மறுக்கும். திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் தண்ணீரில் கால்சியம் ஏறியிருந்தால் இந்த ஒட்டல் இன்னும் மோசமாகும். ஒட்டாத களிமண்ணும் சும்மா இருக்காது, நுரையோடு ஏறும் தண்ணீரில் மிதந்துகொண்டே மேலே வந்து க்ளீன் கோலின் சாம்பலைக் கூட்டும். நுரையின் மேல் தண்ணீர் தெளித்து அதைக் கீழே இறக்குவது ஓரளவு உதவும், காலம் (column, அதாவது தூண்) எனப்படும் உயரமான ஃப்ளோட்டேஷன் தொட்டிகளும் ஜேம்சன் செல் என்ற வகை மிதப்புத் தொட்டியும் இந்த வேலையை நன்றாகச் செய்கின்றன.

களிமண்ணிலும் கயோலினைட் வேறு, மான்ட்மோரிலோனைட் வேறு. இரண்டாவது தண்ணீரை உறிஞ்சி வீங்கும். அது கொஞ்சம் இருந்தாலே கூழ் கெட்டியாகும், சேற்றைப் படியவைக்கும் திக்னர் தொட்டியில் அடியில் இறங்காது, ஃபில்டர் பிரஸ் துணியை அடைத்துக்கொள்ளும். டென்ஸ் மீடியாவுக்குள் போனால் மேக்னடைட் கரைசலும் கெட்டியாகும், அப்போது சைக்ளோனில் சிறிய துகள்கள் சரியாகப் பிரியாது. ஃப்ளோட் அண்ட் சிங்க் சோதனையில் இந்தத் தொல்லை எதுவும் கண்ணில் படாது, அதைக் கரிமத் திரவங்களில் செய்தால் களிமண் அசையாமல் இருக்கும். ஆலையில் தண்ணீர் பட்டதும் கரைந்து ஓடும். சோதனைத் தாளில் அழகாக இருக்கும் கரி ஆலையில் ஏன் சொதப்புகிறது என்ற கேள்விக்கு எத்தனையோ தடவை இதுதான் விடை. உங்கள் மாதிரியில் கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் போட்டு உருட்டிக் குலுக்கி, எவ்வளவு சேறாகிறது என்று பாருங்கள், செலவே இல்லாத சோதனை.

திறந்த வெளியில் மாதக்கணக்கில் கிடந்த கரியின் மேற்பரப்பு ஆக்சிஜனால் மாறி மிதக்காது என்பதையும் மனதில் வையுங்கள், அதைக் கனிமத்தின் தலையில் கட்டிவிடாதீர்கள்.

---

பாறைமொழி:

பைரைட் பற்றிக் கேட்டதற்கு. அடர்த்தி 5 என்பது உண்மை. கட்டியாக, விரிசல் நிரப்பியாக இருந்தால் சுலபமாக இறங்கிவிடும். ஆனால் கரிக்குள் ஃப்ராம்பாய்ட் என்று ஒரு வடிவம் உண்டு, ராஸ்பெரிப் பழம் போலத் திரண்ட நுண்படிகக் கொத்து, பல நேரம் 10, 20 மைக்ரான்தான். அது உள்ளே பதிந்த கரித்துகளில் பைரைட்டின் அளவு குறைவு, ஆகவே துகளின் மொத்த அடர்த்தி அதிகம் ஏறாது. 10 சதவீதம் பைரைட் உள்ள துகளுக்கே 1.40 தான் வரும், போட்டுப் பாருங்கள். அது க்ளீன் கோலோடு போய்விடும். போதாக்குறைக்கு நுரை மிதப்பில் பைரைட்டும் கொஞ்சம் மிதக்கும் குணம் உள்ளது.

கந்தகம் எல்லாம் பைரைட்டும் இல்லை. அமெரிக்காவின் இல்லினாய் கரியில் பைரைட் கந்தகமும் கரிமக் கந்தகமும் இரண்டுமே கணிசமாக உண்டு, கழுவினால் முதல் பகுதியில் ஓரளவு குறையும். நம் அசாமில் மார்கெரிட்டா, லேடோ பக்கத்து மாகும் கரியில் சாம்பல் குறைவு, கந்தகம் அதிகம், அதில் பெரும்பகுதி கரியின் மூலக்கூறோடு பிணைந்தது. எவ்வளவு கழுவினாலும் அது அசையாது.

---

கொதிகலன்_குமார்:

நான் அனல்மின் நிலையத்தில் இருக்கிறேன், எங்கள் கஷ்டம் வேறு. ஒடிசாவின் தால்ச்சேர் கரி ரயிலில் பாரதீப் வந்து, அங்கிருந்து கப்பலில் எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் வருகிறது. சாம்பல் 40 சதவீதத்தைத் தொடுவது சகஜம். அதாவது அவ்வளவு தூரம் கப்பல் கூலி கொடுத்து மண்ணையும் சேர்த்துக் கொண்டுவருகிறோம்.

ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் போகும் கரியில் சாம்பல் 34 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று 1997-ல் சுற்றுச்சூழல் அமைச்சகம் விதி கொண்டுவந்தது, பின்னால் தூரத்தைக் குறைத்தார்கள், 2020 மே மாதம் அந்தக் கட்டாயத்தையே எடுத்துவிட்டார்கள். எடுத்தது சரியா தவறா என்று பெரிய சண்டை நடந்தது. என்னைக் கேட்டால், அந்த விதி சாம்பல் எவ்வளவு என்று மட்டும் கேட்டது, எந்தக் கனிமம் என்று கேட்கவே இல்லை. பாய்லருக்குள் குழாயைத் தேய்ப்பது முக்கியமாகக் குவார்ட்ஸ். கரியை அரைக்கும் மில்லின் உருளைகள், பாய்லருக்குப் போகும் நீரைச் சூடாக்கும் எகனாமைசர் குழாய்கள் எல்லாம் அதனால்தான் தேய்கின்றன. களிமண் சாம்பல் அந்த அளவுக்குத் தேய்க்காது. அனல்மின் கரிக்கு நுண்பொடி வரை கழுவத் தேவையே இல்லை, அடுக்குகளுக்கு நடுவே வரும் கல்பட்டைகளையும் கூரைக் கல்லையும் பெரிய துண்டாக இருக்கும்போதே எடுத்துவிட்டாலே மில்லுக்கு எவ்வளவோ நிம்மதி. அதற்கு மேல் நுணுக்கமாகக் கழுவப் போனால் ஈரம் ஏறி, குறைந்த சாம்பலால் கிடைத்த வெப்பத்தில் ஒரு பங்கை அந்த ஈரமே தின்றுவிடும். மழைக்காலத்தில் ஈரக்கரி பங்கரில் (கரி சேமிப்புத் தொட்டியில்) அடைத்துக்கொண்டு நாங்கள் படும் பாடு தனிக்கதை.

---

தாமோதர்க்கரை:

குமார் சொன்னதோடு ஒத்துப்போகிறேன், அனல்மின் கரிக்குக் கல் பொறுக்குவது போதும். கோக்கிங் கரிக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆஸ்திரேலியாவிலிருந்து வரும் கோக்கிங் கரி 10 சதவீத சாம்பல் பக்கம் இருக்கிறது, நாம் 18-க்கு இறக்கவே இவ்வளவு போராடுகிறோம்.

தம்பி, புராஜெக்ட்டில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கீழ் அடுக்குக் கரியை ஒரே வெட்டில் க்ளீன் கோல், ரிஜெக்ட் என்று இரண்டாக்கப் பார்க்காதீர்கள். தாழ்ந்த அடர்த்தியில் ஒரு வெட்டு, உயர்ந்த அடர்த்தியில் இன்னொன்று, நடுவில் வருவதை மிட்லிங்ஸ் என்று தனியாக எடுங்கள். அந்த மிட்லிங்ஸை மட்டும் மறுபடி நொறுக்கிக் கழுவினால் என்ன கிடைக்கிறது என்று பாருங்கள், முழுக் கரியையும் பொடியாக்கும் செலவு மிச்சம். கிடைக்காவிட்டால் அது மின்நிலையத்துக்கு எரிபொருள், அதுவும் வீணில்லை.

எஃகு ஆலைக்குப் போகும் கரி என்பதால் ஒவ்வொரு அடர்த்திப் பகுதியிலும் பாஸ்பரஸையும் அளக்கச் சொல்லுங்கள். சாம்பல் குறைந்தால் பாஸ்பரஸும் தானாகக் குறையும் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். பாஸ்பரஸ் உள்ள கனிமம் கரிக்குள் நுண்ணியதாகப் பரவியிருந்தால் குறையாது, சில கரிகளில் இலேசான பகுதியிலேயேகூட அதிகம் நிற்கும்.

---

நெய்வேலி_பையன்:

இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. தண்ணீரில் குலுக்கும் சோதனையை இன்றே செய்தேன் அக்கா. கீழ் அடுக்கு மாதிரியில் தண்ணீர் கொஞ்ச நேரத்திலேயே சாம்பல் நிறக் கூழாகி, மணிக்கணக்கில் தெளியவே இல்லை. மேல் அடுக்கு மாதிரி சீக்கிரம் தெளிந்துவிட்டது. 6, 3 மில்லிமீட்டருக்கு நொறுக்க லேபில் அனுமதி கேட்டிருக்கிறேன், மிட்லிங்ஸைத் தனியாக நொறுக்குவதையும் திட்டத்தில் சேர்த்துவிட்டேன். வளைகோடுகள் வந்ததும் இங்கேயே போடுகிறேன்.

---

நுரைத்தொட்டி:

போடுங்கள். அந்தக் கூழ் தெளிந்த தண்ணீரை ஊற்றிவிடாமல் கால்சியத்துக்கு ஒரு டெஸ்ட் எடுத்து வையுங்கள். அடியில் தங்கிய சேற்றைக் காயவைத்து எக்ஸ்ரேக்கு அனுப்புங்கள், வீங்கும் களிமண் இருக்கிறதா என்பது அதில் தெரிந்துவிடும்.